மீயொலி வழிகாட்டலுடன் சிரையில் ஊசி செலுத்துதல்

மீயொலி வழிகாட்டலுடன் சிரையில் ஊசி செலுத்துதல் என்பது, தோலுக்கு அடியில் உள்ள சிரையை அல்ட்ராசவுண்ட் கருவியின் திரையில் பார்த்தபடியே அதனுள் ஊசியையோ மெல்லிய குழாயையோ செலுத்தும் மருத்துவ முறையாகும். வயிற்றைப் பார்க்கப் பயன்படும் அதே "ஸ்கேன்" நுட்பமே இங்கு இரத்தக் குழாய்களைப் பார்க்கப் பயன்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, டயாலிசிஸ் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் இம்முறை கையாளப்படுகிறது.

கையால் தடவியும் உடலின் அடையாளங்களை வைத்தும் ஊசி போடும் பழைய முறையைவிட இது பாதுகாப்பானது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கருவி இருப்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. திரையில் சிரை தெரிந்தாலும், ஊசியின் நுனி எங்கே உள்ளது என்பது தெரியாவிட்டால் தமனியோ நுரையீரலோ நரம்போ குத்துப்படலாம். எனவே இம்முறையின் பாதுகாப்பு என்பது ஊசி நுனியைத் தொடர்ந்து காண்பது, ஊசிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சரிபார்ப்புகள், தொற்றுத் தடுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்ததாகும்.

தேவை

காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ "ட்ரிப்ஸ்" ஏற்றும்போது, முன்கையிலோ புறங்கையிலோ தோலுக்கு மேலாகத் தெரியும் சிரையில் செவிலியர் ஊசி போடுவார். பெரும்பாலானவர்களுக்கு இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கீழ்க்காணும் நிலைகளில் சிரை கண்ணுக்கும் கைக்கும் எளிதில் அகப்படுவதில்லை.

- நீரிழப்பால் சிரை சுருங்கியிருத்தல்
- உடல் பருமன் அல்லது வீக்கம்
- கைக்குழந்தைகள்
- புற்றுநோய் மருந்துகளால் கைச்சிரைகள் கெட்டுப்போயிருத்தல்
- நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்
- பலமுறை ஊசி போட்டுத் தழும்பேறிய கைகள்

வேறு சில வேளைகளில் கைச்சிரையே போதாது. இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்த நோயாளிக்குத் தரப்படும் நார்அட்ரினலின் போன்ற மருந்து சிறிய சிரையிலிருந்து வெளியே கசிந்தால், சுற்றியுள்ள சதையே அழுகிவிடலாம். அத்தகைய மருந்துகளை இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய சிரையில் செலுத்துவார்கள். இதற்காக வைக்கப்படும் குழாய் மையச் சிரைக் குழாய் எனப்படும். மருத்துவமனைப் பேச்சுவழக்கில் இது "சென்ட்ரல் லைன்". கழுத்தில் உள்ள உட்கழுத்துச் சிரை, காறை எலும்புக்குக் கீழுள்ள சிரை, தொடைச் சிரை ஆகிய மூன்றும் இதற்கான முதன்மை வழிகள்.

இவை ஆழமாக இருப்பவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெரிய தமனி ஓடுகிறது. காறை எலும்புக்குக் கீழே சற்றுத் தவறினால் நுரையீரலின் உச்சி குத்துப்படும். உடல் அடையாளங்களை மட்டும் நம்பிக் குழாய் வைத்த காலத்தில், தமனிக் குத்து, இரத்தக்கட்டு, நுரையீரல் உறைக்குள் காற்று புகுதல் முதலிய சிக்கல்கள் 5 முதல் 19 விழுக்காடு வரை ஏற்பட்டதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

மீயொலி சிரையைக் காட்டும் விதம்

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. சிரையைப் பார்க்கப் பயன்படும் நேர்முக உணர்முனை (மருத்துவமனைகளில் இதைப் "புரோப்" என்பார்கள்) ஏறத்தாழ 5 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அனுப்புகிறது. உடல் திசுவில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். 2 செ.மீ. ஆழத்தில் உள்ள சிரையிலிருந்து எதிரொலி திரும்பி வர 4 செ.மீ. பயணம், அதாவது ஏறத்தாழ 26 மைக்ரோநொடி போதும். எதிரொலி வந்த நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிட்டுப் படமாக வரைகிறது.

அதிர்வெண் கூடினால் படத்தின் துல்லியம் கூடும், ஆனால் ஒலி ஆழமாகச் செல்லாது. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.15 மி.மீ. அளவே என்பதால் மேலோட்டமாக உள்ள சிரைகளுக்கு அது ஏற்றது. வயிற்றின் ஆழத்தைப் பார்க்க 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் கொண்ட வளைமுக உணர்முனை பயன்படுகிறது.

இரத்தம் எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்புவதால், சிரையும் தமனியும் திரையில் கரிய வட்டங்களாகத் தெரியும். இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே முதல் பாதுகாப்பு.

- சிரையின் சுவர் மெல்லியது. உணர்முனையால் மெதுவாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிடும்.
- தமனியின் சுவர் தடித்தது. மெதுவாக அழுத்தினால் மூடாது, துடிப்பு தெரியும்.
- உட்கழுத்துச் சிரை மூச்சை அடக்கி முக்கும்போது விரியும்.
- டாப்ளர் வசதி இரத்த ஓட்டத்தின் திசையையும் தன்மையையும் காட்டும். திரையின் சிவப்பும் நீலமும் ஓட்டம் உணர்முனையை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை மட்டுமே குறிக்கும். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று எண்ணுவது தவறு.

அழுத்தியும் மூடாத சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். அத்தகைய சிரையில் ஊசி போடக்கூடாது. கருவி இல்லாமல் இதை முன்கூட்டி அறிவது கடினம்.

வரலாறு

1929இல் செருமனியைச் சேர்ந்த வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச்சிரை வழியாகத் தம் இதயம் வரை ஒரு குழாயைச் செலுத்திக் காட்டினார். இதற்காக 1956இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர், ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை எடுத்துவிட்டு, அக்கம்பியின் மேலாகக் குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். இன்றும் சென்ட்ரல் லைன் வைப்பது இம்முறையில்தான்.

1978இல் உல்மன், ஸ்டோல்டிங் ஆகியோர் டாப்ளர் ஒலியைக் கேட்டு உட்கழுத்துச் சிரையைக் கண்டறிந்ததைப் பதிவு செய்தனர். 1986இல் சப்பானிய மருத்துவர்கள் திரையில் படத்தைப் பார்த்தபடியே அச்சிரையில் ஊசி செலுத்தியதை வெளியிட்டனர். 2001இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு முகமையும், 2002இல் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பும் சென்ட்ரல் லைன் வைக்க மீயொலியைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தன. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் மையச் சிரைக் குழாய் பற்றிய தன் நிலைப்பாட்டு அறிக்கையை 2020இல் வெளியிட்டது. அதுவும் மீயொலி வழிகாட்டலை ஆதரிக்கிறது.

ஆய்வு முடிவுகள்

2015இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, உட்கழுத்துச் சிரை குறித்த 35 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,108 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தது. உடல் அடையாள முறையோடு ஒப்பிடும்போது மீயொலி முறையில் கிடைத்த பயன்கள்:

- மொத்தச் சிக்கல்கள் 71 விழுக்காடு குறைந்தன.
- தவறுதலாகத் தமனியைக் குத்துவது 72 விழுக்காடு குறைந்தது.
- முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுவது 57 விழுக்காடு கூடியது.

காறை எலும்புக்குக் கீழுள்ள சிரைக்கும் தொடைச் சிரைக்கும் கிடைத்த பயன் இந்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

இந்த எண்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமனிக் குத்து 72 விழுக்காடு குறைந்தது என்றால், மீதி 28 விழுக்காடு கருவி இருந்தும் நிகழ்ந்தது என்பதே பொருள். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

ஊசி நுனியைக் காணுதல்

மீயொலிக் கற்றை மிகவும் மெல்லியது. அந்த மெல்லிய தளத்தில் உள்ளவை மட்டுமே திரையில் தெரியும். முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டினால் வட்டமும், நெடுக்கே பிளந்தால் நீண்ட பட்டையும் கிடைப்பதுபோல, சிரையையும் இரு விதமாகப் பார்க்கலாம்.

குறுக்குவெட்டுப் பார்வையில் சிரையும் அதன் பக்கத்தில் உள்ள தமனியும் இரண்டு வட்டங்களாக ஒருங்கே தெரியும். இடம் வலம் தவறாமல் இருக்க இது உதவும். ஆனால் ஊசி ஒரு வெண்புள்ளியாக மட்டுமே தெரியும். அந்தப் புள்ளி ஊசியின் நுனியா, நுனிக்குப் பின்னால் உள்ள தண்டா என்பதைப் படம் சொல்லாது. இரண்டும் ஒரே மாதிரியான புள்ளிகளே. திரையில் புள்ளி சிரைக்குள் இருப்பதாகத் தோன்றும் வேளையில், உண்மையான நுனி சிரையின் பின்சுவரையும் துளைத்து அப்பால் உள்ள தமனிக்குள் போயிருக்கலாம்.

2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மீயொலிப் பயிற்சி பெற்ற 25 பயிற்சி மருத்துவர்கள் மாதிரி உருவம் ஒன்றில் உட்கழுத்துச் சிரைக்கு ஊசி செலுத்தினர். அவர்களில் 64 விழுக்காட்டினர் தம்மை அறியாமலே சிரையின் பின்சுவரைத் துளைத்திருந்தனர்.

நெடுக்குவெட்டுப் பார்வையில் ஊசியின் முழு நீளமும் நுனியும் தெரியும். ஆழம் தவறாது. ஆனால் பக்கத்தில் உள்ள தமனி படத்தில் இராது. கை சற்று நழுவினால் உணர்முனை சிரையை விட்டுத் தமனியின் மேல் போய்விடும், திரையில் அதுவும் நீண்ட கரிய பட்டையாகவே தெரியும். ஆகவே தேர்ந்தவர்கள் இரண்டு பார்வைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

குறுக்குவெட்டுப் பார்வையில் நுனியைத் தவறவிடாமல் இருக்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, முக்கோணக் கணக்கு. சிரையின் நடுப்பகுதி தோலுக்குக் கீழே 1 செ.மீ. ஆழத்தில் இருந்தால், உணர்முனையிலிருந்து 1 செ.மீ. தள்சி 45 பாகைச் சாய்வில் ஊசியைச் செலுத்தினால், ஊசி படத்தளத்தைச் சந்திக்கும் இடம் சரியாகச் சிரையின் நடுவாகும். பித்தகோரசு தேற்றப்படி ஊசி உள்ளே செல்ல வேண்டிய தொலைவு √2, அதாவது ஏறத்தாழ 1.4 செ.மீ. சிரை 2 செ.மீ. ஆழம் என்றால் 2.8 செ.மீ. அந்தத் தொலைவைத் தாண்டியும் இரத்தம் வரவில்லை என்றால் ஊசியை மேலும் அழுத்தாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இரண்டாவது, நுனியைப் பின்தொடர்தல். வெண்புள்ளி தெரிந்ததும் உணர்முனையை இம்மியளவு முன்னே நகர்த்தினால் புள்ளி மறையும். பின்பு ஊசியை மெல்ல முன்னே செலுத்தினால் புள்ளி மீண்டும் தோன்றும். இவ்வாறு மறைந்து தோன்றும் புள்ளியே நுனி. நகர்த்திய பின்னும் மறையாத புள்ளி ஊசியின் தண்டு. நுனி தெரியாதபோது ஊசியை முன்னே தள்ளக்கூடாது என்பது இம்முறையின் அடிப்படை விதி.

பாதுகாப்பான செய்முறை

1. முன்பார்வை. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரு பக்கச் சிரைகளையும் பார்த்து, அகலம், ஆழம், உறைவு உள்ளதா என்பது, தமனி இருக்கும் இடம் ஆகியவற்றை அறிய வேண்டும். கைச்சிரை வழியே நீண்ட குழாய் வைக்கும்போது, குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. 1.6 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 3.6 மி.மீ. சிரை வேண்டும். சிறிய சிரையில் பெரிய குழாயை வைத்தால் ஓட்டம் தடைபட்டு இரத்தம் உறையும்.

2. நோயாளியைக் கிடத்தும் விதம். கழுத்தில் ஊசி போடும்போது தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் சிரை விரியும், காற்று உள்ளே உறிஞ்சப்படும் ஆபத்தும் குறையும். தலையை மிகுதியாகத் திருப்பினால் சிரை தமனிக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது பின்சுவரைத் துளைக்கும் ஊசி நேராகத் தமனிக்குள் போகும். எனவே சற்றே திருப்பினால் போதும்.

3. திரையும் கையும் ஒரே நேர்கோட்டில். கருவியை மருத்துவருக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். உணர்முனையின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டு, திரையில் அதே பக்கம் அசைகிறதா என்று பார்த்து இடவலத்தை உறுதிசெய்ய வேண்டும்.

4. ஊசி நுனியைக் கண்டபடியே முன்செல்லுதல்.

5. கம்பியைச் சரிபார்த்தல். இரத்தம் வந்ததாலேயே ஊசி சிரையில் உள்ளது என்று கொள்ளக்கூடாது. இரத்த அழுத்தம் தாழ்ந்தவரின் தமனி இரத்தமும் கருமையாகவும் மெதுவாகவும் வரலாம். வழிகாட்டிக் கம்பி சிரைக்குள் இருப்பதை இரு பார்வைகளிலும் கண்ட பிறகே விரிப்பானைச் செலுத்த வேண்டும். தமனியில் பட்ட மெல்லிய ஊசிக் குத்து பெரும்பாலும் அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். அதே தமனிக்குள் தடித்த விரிப்பானைச் செலுத்திவிட்டால் கடும் இரத்தப்போக்கோ பக்கவாதமோ நேரலாம். அப்படி நேர்ந்துவிட்டால் குழாயை உடனே பிடுங்காமல் இரத்தநாள அறுவை மருத்துவரை அழைப்பதே முறை.

6. கம்பி வெளியே வந்ததை எண்ணிப் பார்த்தல். வழிகாட்டிக் கம்பி உடலுக்குள்ளேயே தங்கிவிடுவது முற்றிலும் தவிர்க்கக்கூடிய பிழை. கம்பி வெளியே எடுக்கப்பட்டதை உடனிருக்கும் செவிலியர் உரக்கச் சொல்லிப் பதிவு செய்வது இதைத் தடுக்கும்.

7. பின்பார்வை. நுரையீரல் உறை மூச்சுக்கேற்ப வழுக்கி நகர்வதை அதே மீயொலிக் கருவியால் பார்த்து, காற்று புகவில்லை என்பதை அறியலாம். குழாயின் நுனி சரியான இடத்தில் உள்ளதை எக்ஸ்ரே உறுதிசெய்யும்.

தொற்றுத் தடுப்பு

ஊசி சரியாகப் போனாலும், குழாய் வழியே கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாயின. அங்கு ஐந்து எளிய செயல்கள் கட்டாயமாக்கப்பட்டன: கை கழுவுதல், முழு உடலையும் மூடும் தூய துணிகள், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் தூய்மை செய்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். இவற்றால் குழாய்வழி இரத்தத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பயன் இது.

மீயொலி முறையில் இன்னும் இரண்டு கவனங்கள் கூடுதலாக வேண்டும். பல நோயாளிகளைத் தொட்ட உணர்முனையைக் கிருமிநீக்கம் செய்து, தூய உறையால் மூட வேண்டும். ஊசி போடும் இடத்தில் தடவும் ஜெல்லும் கிருமிநீக்கிய தனிப் பொட்டலமாக இருக்க வேண்டும். பெரிய புட்டியிலிருந்து எடுக்கும் சாதாரண ஜெல்லில் கிருமிகள் வளரக்கூடும். 2021இல் அமெரிக்காவில் பர்க்கோல்டேரியா என்ற பாக்டீரியத் தொற்றுடன் தொடர்புபட்ட ஜெல் வகைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

கைச்சிரைகளும் சிறுநீரக நோயாளிகளும்

கையில் சிரை அகப்படாதவருக்கு ஒருவரே ஐந்தாறு முறை குத்திப் பார்ப்பது நோயாளிக்கு வலியையும் சிரைக்குக் கேட்டையும் தரும். ஒருவர் இரு முறைக்கு மேல் முயலாமல், திறன் மிக்க இன்னொருவரையோ மீயொலிக் கருவியையோ நாட வேண்டும் என்பது நெறிமுறை. மேற்கையின் உட்புறச் சிரை இதற்கு ஏற்றது. நடுவில் தமனியை ஒட்டியுள்ள சிரைகளின் பக்கத்தில் நரம்பும் இருப்பதால் அவை அடுத்த தேர்வுதான். ஆழமான சிரைக்குக் குட்டையான கேனுலா போதாது. அதன் நீளத்தில் பெரும்பகுதி சிரைக்குள் இல்லையென்றால், கையை அசைக்கும்போது வெளியே நழுவி மருந்து சதையில் கசியும்.

சிறுநீரகம் செயலிழந்து வருபவருக்குக் கைச்சிரைகள் சேமிப்பைப் போன்றவை. பின்னாளில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க அவை தேவைப்படும். ஆகவே அவர்களுக்கு முன்கை, மேற்கைச் சிரைகளில் ஊசி போடுவதைத் தவிர்த்துப் புறங்கையைப் பயன்படுத்துவது நல்லது. காறை எலும்புக்குக் கீழுள்ள சிரையில் குழாய் வைத்தால் அது பின்னர் சுருங்கி, அந்தக் கையில் ஃபிஸ்டுலா பயன்படாமல் போகலாம். தற்காலிக டயாலிசிஸ் குழாய்க்கு வலப்பக்க உட்கழுத்துச் சிரையே முதல் தேர்வு.

சேலம், நாமக்கல் சமவெளியில்

சேலத்தில் 1986இல் தொடங்கப்பட்ட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதியின் முதன்மையான அரசு மருத்துவமனை. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று.

இரு மாவட்டங்களின் வழியாகவும் தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. சாலை விபத்தில் இரத்தம் இழந்தவர், பூச்சிக்கொல்லி நஞ்சால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவர், வயல் வேலையில் பாம்பு கடித்தவர், கோடை வெயிலில் நீரிழந்தவர் ஆகியோருக்கு விரைவாகவும் தவறின்றியும் சிரை கிடைக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையும் தன்மை கெட்டுவிடும். அவருக்குத் தவறான இடத்தில் ஒரு குத்து பட்டாலும் இரத்தம் நிற்காது. காறை எலும்புக்குக் கீழே அழுத்திப் பிடிக்கவும் இயலாது. முதல் குத்திலேயே சிரையை அடைவதும், அழுத்தி இரத்தத்தை நிறுத்தக்கூடிய இடத்தைத் தேர்வதும் இத்தகையவருக்கு மிகவும் இன்றியமையாதவை.

சட்டமும் கருவியும்

இப்பகுதியில் மீயொலிக் கருவிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1997 சனவரி 1 அன்று தனி மாவட்டமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர்.

கருவின் பாலினத்தை அறிய மீயொலிக் கருவி தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 1994இல் நடுவண் அரசு அதற்கெதிரான சட்டத்தை இயற்றியது. 1996இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய எந்த மீயொலிக் கருவியையும் பதிவு பெற்ற இடத்துக்கு மட்டுமே விற்கலாம், பதிவு பெற்ற இடத்தில் மட்டுமே வைத்திருக்கலாம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். சிரைக்கு ஊசி போட வாங்கும் கருவியும் இதற்கு உட்பட்டதே. நேர்முக உணர்முனையை எடுத்துவிட்டு வளைமுக உணர்முனையைப் பொருத்தினால் அதே கருவி கருப்பையையும் காட்டும் என்பதே காரணம்.

2012இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மீயொலிக் கருவியைப் பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பல்வேறு மருத்துவச் சேவைகளை வழங்கும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரே நாளில் பல தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்லும் மயக்கவியல் மருத்துவர் தம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போக இவ்விதி இடம் தருவதில்லை. அந்தந்த மருத்துவமனையே கருவியை வாங்கிப் பதிவு செய்து ஆவணங்களைப் பேண வேண்டும். சட்டத்தின் நோக்கம் பெண் குழந்தைகளைக் காப்பது. அதை மதித்தபடியே தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் பதிவு பெற்ற கருவி எந்நேரமும் கிடைக்கச் செய்வது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பாகிறது.

பயிற்சி

கருவியை வாங்குவதைவிடக் கையைப் பழக்குவதே கடினம். நோயாளியின் கழுத்தில் முதன்முதலாகப் பழகுவது கூடாது என்பதால் மாதிரிகள் பயன்படுகின்றன. ஆயத்த மாதிரிகள் விலை மிகுந்தவை. உலகின் பல பயிற்சி மையங்களில் சமைக்காத கோழி நெஞ்சுக்கறிக்குள் நீர் நிரப்பிய ரப்பர் குழாயையோ நீண்ட பலூனையோ செருகி மாதிரி செய்கிறார்கள். திரையில் கறி சதையைப் போலவும், நீர்க்குழாய் சிரையைப் போலவும் தெரியும். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் இதற்கான பொருளுக்குக் குறைவிராது. குழாயில் சிவப்பு நீரையும், அதன் அடியில் இன்னொரு குழாயில் நீல நீரையும் நிரப்பினால், ஊசி பின்சுவரைத் துளைத்துவிட்டதா என்பதை நிறமே காட்டிவிடும்.

நோயாளியும் உறவினரும் அறிய வேண்டியவை

- சிறுநீரக நோய், ஃபிஸ்டுலா, இதற்கு முன் வைத்த சென்ட்ரல் லைன், இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்பே சொல்ல வேண்டும்.
- ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ இடம் தரக்கூடாது. டயாலிசிஸ் ஊசி மட்டும் விதிவிலக்கு.
- பலமுறை குத்தியும் சிரை கிடைக்கவில்லை என்றால், ஸ்கேன் பார்த்து ஊசி போட இயலுமா என்று பணிவாகக் கேட்கலாம்.
- ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், வீக்கம், கை மரத்துப்போதல் இருந்தால் உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.
- சென்ட்ரல் லைன் உள்ளவருக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் அது குழாய்த் தொற்றாக இருக்கலாம்.
- குழாயைக் கழற்றும்போது நோயாளி படுத்திருக்க வேண்டும், அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக் காற்றுப் புகாத கட்டுப் போட வேண்டும். உட்கார்ந்த நிலையில் எடுத்தால் துளை வழியே காற்று இதயத்துக்குள் செல்லலாம்.
- குழாய் இன்னும் தேவைதானா என்று ஒவ்வொரு நாளும் மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. தேவை முடிந்த பின்னும் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டும்.

வரம்புகள்

காறை எலும்பு ஒலியைத் தடுப்பதால் அதன் நேர் கீழே உள்ள பகுதி திரையில் தெரியாது. எனவே அக்குள் பக்கமாகச் சற்றுத் தள்ளி ஊசி போடப்படுகிறது. தோலுக்கு அடியில் காற்று கசிந்திருந்தாலும் படம் மங்கிவிடும். மின்தடை, கருவிப் பழுது, உயிர்காக்கும் அவசரம் ஆகியவற்றின்போது கருவியின்றியும் ஊசி போட வேண்டிவரும் என்பதால், உடல் அடையாள முறையையும் மருத்துவர்கள் கற்றிருக்க வேண்டும். சிரையே கிடைக்காத அவசரத்தில் கால் எலும்பின் மச்சைக்குள் ஊசி செலுத்தி மருந்து ஏற்றும் முறையும் உள்ளது. மீயொலிக் கருவி உடற்கூற்று அறிவுக்குத் துணை நிற்பதே தவிர, அதற்கு மாற்று ஆகாது.